மருமகள் பற்றவைத்த சைக்கிளில் மாமியார்

"ரோஸிக்கா, நல்லா யோசிச்சுட்டீங்களா? மருமக வெல்டிங் வெச்ச சைக்கிள்ல மாமியார் போறதுன்னா சும்மாவா? இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியிருக்கீங்கதானே?"

போன சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். சேலையூரில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடை வாசல். கேட்டவள் உஷா — எங்கள் பெண்கள் சைக்கிள் கோஷ்டியின் ஆஸ்தான வாயாடி. கோஷ்டி மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்காத ஒரே ஆள், பின்னால் ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த என் மருமகள் சரண்யா.

அவள் கண் என் மேல் இல்லை. என் சைக்கிளின் கழுத்துக்குக் கீழே, பெயிண்ட் போன இடத்தில் பளபளவென்று தெரிந்த ஒரு தழும்பின் மேல் இருந்தது. அது அவள் கையால் வைத்த வெல்டிங். அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் முழுசாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முன்சக்கரம் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன், என் முன்பற்கள் மாம்பாக்கம் ரோட்டில் கிடக்கும்.

சொந்தப் பெருமை அடிக்கும் பத்திகளை வாசகர்கள் ரசிப்பதில்லை என்று எனக்கு அடிக்கடி அறிவுரை வரும். எத்தனையோ வாரம் அடக்கி வாசித்திருக்கிறேன். இந்த வாரம் முடியாது. மன்னிக்கவும்... வேண்டாம், மன்னிக்கக்கூட வேண்டாம். படியுங்கள்.

முதலில் சைக்கிளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு சைக்கிள் ஆசை வந்தது. கடை கடையாக ஏறி இறங்கினேன். பெரியவர்கள் சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கால் எட்டுகிற சைக்கிளில் முன்னால் கூடையும், கைப்பிடியில் குஞ்சலமும், பக்கவாட்டில் முயல் படமும் இருக்கும். "மேடம், இது உங்க ஹைட்டுக்கு கரெக்டா செட் ஆகும்" என்று ஒரு கடைக்காரர் முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு கடையின் மூலையில் கிடைத்தது ஒரு நீல நிற அலுமினிய சைக்கிள். சின்ன ஃபிரேம். யாரோ சொல்லி வரவழைத்துவிட்டு வாங்காமல் போய்விட்டார்களாம். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அலுமினியம் என்பதால் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம். எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேறு என்ன வேண்டும்?

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் சவாரி. ஏன் ஞாயிறு இல்லை என்று கேட்கிறீர்களா? எங்கள் கோஷ்டியில் பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. அதனால் சனி. அகரம்தென், பொன்மார், மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். கடலைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய மீனை வாங்கி, ஐஸோடு பையில் போட்டு, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்புவேன்.

இந்த மீன் பையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொருளையும் ஞாபகம் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சாமுவேல். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். நல்ல மனிதர். ஒரே ஒரு பிரச்சினை — புதுப் பொருள் எது வந்தாலும் அதன் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க விடமாட்டார். டிவி ரிமோட் உறைக்குள்தான் இருக்கும். எந்த பட்டனை அமுக்கினாலும் வேறு ஏதாவது சேனல் வரும். சோபா வாங்கி எவ்வளவோ காலம் ஆகிறது, இன்னும் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம். வெயில் காலத்தில் எழுந்தால் பாதி சோபா நம்மோடு எழுந்து வரும். சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவைப் போய்ப் பாருங்கள். உங்கள் கார் சீட்டைப் பாருங்கள். எல்லா வீட்டிலும் ஒரு சாமுவேல் இருக்கிறார்.

என் சைக்கிள் வந்தபோது, பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க கம்பெனியே குழாய்களைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் போட்டு அனுப்பியிருந்தது. கடைக்காரர் அதை உரிக்கப் போனார். இவர் பாய்ந்து தடுத்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். புதுசா இருக்கும்ல?" பிறகு முனை பிரிய ஆரம்பித்தபோது டேப் போட்டு இன்னும் கெட்டியாக ஒட்டினார். நானும் விட்டுவிட்டேன். வீட்டில் சண்டை போடுவதற்கு விஷயமா இல்லை?

சில மாதங்களுக்கு முன்னால் சைக்கிள் முனக ஆரம்பித்தது. மிதிக்கும்போதெல்லாம் ஒரு 'க்ரிச்'. செயினுக்கு எண்ணெய் போட்டேன். பெடலைக் கழற்றி மாட்டினார்கள். சத்தம் போகவில்லை. வயசானால் எல்லாருக்கும் மூட்டு சத்தம் போடத்தான் செய்யும் என்று நான் அதை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, கோவளத்திலிருந்து மீனோடு வந்து இறங்குகிறேன். கீழே சரண்யா ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"அத்தை, இன்னொரு தடவை ஹேண்டிலைப் பிடிச்சு அமுக்குங்க."

அமுக்கினேன். க்ரிச்.

"இது செயின்ல வர்ற சத்தம் இல்ல." சொல்லிக்கொண்டே கழுத்துக்குக் கீழே சாய்வாக இறங்கும் பெரிய குழாயில் இருந்த பிளாஸ்டிக்கை நகத்தால் கிழித்து உரித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினோம். வஞ்சிரம், சங்கரா, இறால் என்று நான் வாங்கி வந்த அத்தனை மீனின் தண்ணீரும் பையிலிருந்து சொட்டி, அந்த உறைக்குள் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே குடியிருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் தின்ற இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

அவள் மேலே போய் மூன்று ஸ்ப்ரே டப்பாக்களோடு வந்தாள். ஒன்றால் துடைத்தாள். இன்னொன்றால் சிவப்பு மை மாதிரி ஒன்றை அடித்தாள். கொஞ்சம் பொறுத்து அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூன்றாவது டப்பாவிலிருந்து வெள்ளையாக ஒரு பூச்சு. குழாய் வெள்ளை வெளேர் என்று ஆனது. பார்த்துக்கொண்டே இருக்கிறோம்... அந்த வெள்ளையின் நடுவே மெதுவாக ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது. வகிட்டில் குங்குமம் வைத்த மாதிரி.

"விரிசல் அத்தை. மை உள்ள போய் உட்கார்ந்துகிட்டு இப்ப வெளிய வருது. நீங்க இதுலயா கோவளம் போயிட்டு வந்தீங்க?"

காரணம் என் மீனா, அவர் உறையா என்று நானும் சாமுவேலும் அன்று இரவு சாப்பிடும்வரை வாதாடினோம். தீர்ப்பு வரவில்லை. எங்கள் இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்த சைக்கிள் பிழைத்திருக்கும் என்பதுதான் உண்மை. கல்யாணம் என்பது அப்படித்தான்.

சைக்கிள் கடையில் கைவிரித்துவிட்டார்கள். அலுமினியத்தில் கை வைக்க ஆளில்லை, வைத்தாலும் அந்த இடத்தில் ரிஸ்க், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்றார்கள். அந்த அளவு ஃபிரேம்? இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் தயங்கித் தயங்கி மூலையைக் காட்டினார். அங்கே முயல் என்னைப் பார்த்துச் சிரித்தது.

இப்போது சரண்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பொழிச்சலூர்ப் பெண். அவள் அப்பா வீட்டார் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம்; வயல் இருந்த இடத்தில் இப்போது வாடகைக்கு ஷெட்கள். டிப்ளமோ படித்துவிட்டு மறைமலை நகரில் ஒரு கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அலுமினியக் குழாய்களை வெல்டிங் செய்யும் லைன். என் மகன் ஆல்பர்ட் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து அறிமுகம் செய்த அன்று, "என்னம்மா வேலை பார்க்கிற?" என்று கேட்டேன். "வெல்டர், ஆன்ட்டி" என்றாள். சூப்பர்வைசர் இல்லை, இன்ஜினியர் இல்லை, குரலைக் குறைத்துக்கொண்டு 'ஒரு கம்பெனியில' இல்லை. வெல்டர். எனக்கு அங்கேயே பிடித்துப்போனது.

போன வருஷம் பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்டில் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நாய் வந்து, விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். தொழிற்சாலையிலும் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார்கள். பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். அந்தச் சிவப்பு மை வேலை அதுதான். மற்றவர்கள் வைத்த வெல்டிங்கில் விரிசல் தேடுவது.

அன்றிலிருந்து எந்த வெயிலிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டைதான். தழும்பு தெரியக்கூடாது. வெல்டிங் லைனுக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள், டெஸ்ட் வைக்கப்போகிறார்கள், இவள் பெயர் கொடுக்கவில்லை என்பது ஆல்பர்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நீயே வெல்டிங் வெச்சுடேன்" என்றேன், கடையிலிருந்து வந்ததும்.

அவள் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் இப்ப வெல்டர் இல்ல அத்தை."

இதற்கு ஒரு பக்குவமான மாமியார் என்ன சொல்லியிருப்பாள்? பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லியிருப்பாள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்போ சரி, எடைக்குப் போட்டுடறேன்" என்று தெருவில் போன காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், வெறும் மிரட்டல். ஆனால் அந்த மனுஷன் நிஜமாகவே மாடி ஏறி வந்து, ஒரே கையில் சைக்கிளைத் தூக்கிவிட்டார். "இன்னாக்கா இது, வெயிட்டே இல்ல?" என்று சலித்துக்கொண்டே படியிறங்க ஆரம்பித்தார். எனக்கு இறங்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை, நில் என்று சொல்லவும் மானம் விடவில்லை...

"அண்ணா, வெச்சுட்டுப் போங்க!"

சரண்யா. படியில் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான் பண்றேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க அதை ஓட்டக்கூடாது. சும்மா மாட்டி வெச்சுக்குங்க."

"மாட்டி வைக்க அது என்ன காலண்டரா? ஓட்டுவேன்."

"விட்டுப்போச்சுன்னா?"

"விடாத மாதிரி வை."

முறைத்தாள். எங்கள் வீட்டில் முறைப்பு என்றால் சம்மதம்.

பொழிச்சலூரில் அவள் அப்பா வாடகைக்கு விட்டிருக்கும் ஷெட்களில் ஒன்றில் மணி என்பவர் அலுமினிய ஏணி, தள்ளுவண்டி எல்லாம் செய்கிறார். அங்கே மிஷின் இருக்கிறது. ஹேண்டில், சக்கரம் எல்லாம் கழற்றி, வெறும் எலும்புக்கூடாக ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு நானும் சரண்யாவும் சாமுவேலும் போனோம்.

"இன்னாம்மா, சைக்கிளுக்கு ஆபரேசனா?" என்றார் மணி. "எங்கைல குடு, ரெண்டு நிமிசத்துல பத்தவெச்சி குட்துர்றேன். நான் வைக்காத வெல்டிங்கா? இந்த ஏரியாவுல பாதி ஏணி நம்ள்துதான்."

"வேணாம்ணா. இது ஏணி இல்ல, மேல எங்க அத்தை உட்காரப் போறாங்க" என்றாள் சரண்யா.

பொழிச்சலூரில் ஒரு வழக்கம் உண்டு. ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பதால், விமானம் தலைக்கு மேல் ஏறும்போது ஊரே பேச்சை நிறுத்திவிடும். சண்டை போடுகிறவர்கள்கூட வாயைத் திறந்தபடி நிற்பார்கள். விமானம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். வெளியூர்க்காரர்களுக்குத்தான் இது விசித்திரம். எனக்கும் சம்பந்தி ஆன பிறகு பழகிவிட்டது.

முதலில் பழைய துண்டுகளில் பழகிப் பார்த்தாள். வலது கையில் நெருப்பு கக்கும் டார்ச், இடது கையில் ஊசி மாதிரி ஒரு கம்பி, காலுக்குக் கீழே ஒரு பெடல். தையல் மெஷினும் சமையலும் சேர்ந்த மாதிரி வேலை. இரும்பு என்றால் சிவந்து, 'போதும்' என்று எச்சரிக்குமாம். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நொடியில் ஒழுகிவிடும். ஒழுகியது. முதல் துண்டில் பெரிய ஓட்டை. இரண்டாவது துண்டு கரி பிடித்துக் கறுப்பாக நின்றது.

ஹெல்மெட்டைத் தூக்கினாள். முகமெல்லாம் வியர்வை. காற்றடித்தால் வெல்டிங் கெட்டுவிடும் என்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று.

"அத்தை, இந்தக் கைல என்னால—"

விமானம் வந்தது.

நாங்கள் அப்படியே நின்றோம். அவள் பாதி வார்த்தையோடு, மணி பாதி பீடியோடு, சாமுவேல் பாதி விசிறலோடு. எனக்கு மட்டும் உள்ளே பதறியது. மீதி வாக்கியத்தை அவள் சொல்லிவிட்டால் முடிந்தது. சொன்னால் சொன்னதுதான், அவ்வளவு பிடிவாதக்காரி. கர்த்தரே, இந்த விமானம் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகட்டும்...

சத்தம் ஓய்ந்தது. சரண்யா தன் கையைப் பார்த்தாள். ஓட்டையான துண்டைப் பார்த்தாள். பிறகு முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி, முழங்கைவரை மடித்துவிட்டாள். துணி தடுத்ததோ, மனசு தடுத்ததோ, நான் கேட்கவில்லை. தழும்பின் மேல் தோல் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொரு துண்டு குடுங்கண்ணா" என்றாள்.

வார்த்தையை அவள் தொடரவில்லை. பொழிச்சலூர் வரலாற்றிலேயே விமானம் போன பிறகு முடிக்கப்படாத வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பல துண்டுகள் வீணாயின. பல நாள் சாயங்காலம் வேலை முடிந்து அங்கே போய்விட்டு வந்தாள். பிறகு ஒரு நாள், "இன்னைக்கு ஃபிரேம்" என்றாள்.

அந்தக் குழாயை அவள் சுத்தம் செய்த விதம் இருக்கிறதே! என் சமையலறைக்கு அப்படிச் சுத்தம் வாய்த்ததில்லை. மீன் எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் உள்ளே குமிழ் விழுமாம். மணி உதவிக்கு என்று ஒரு கம்பி பிரஷ்ஷை நீட்டினார். "அண்ணா, அது இரும்பு தேய்ச்ச பிரஷ். கிட்ட கொண்டுவராதீங்க" என்று ஒரு அதட்டல். மனிதர் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அடுத்து விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாக ஓட்டை போட்டாள். இருக்கிற விரிசல் போதாதா?

"விரிசல் கூரா இருந்தாத்தான் அத்தை ஓடும். உருண்டையா ஒரு ஓட்டை போட்டா அங்கயே நின்னுடும்."

அப்புறம் கறுப்புக் கண்ணாடி வழியாக நான் பார்த்தது ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி. அதன் நுனியில் ஒரு துளி உலோகம் பாதரசம் போலத் தளும்பியது. அதில் கம்பியைத் தொட்டாள், எடுத்தாள். நகர்ந்தாள். தொட்டாள், எடுத்தாள். கை நடுங்கவில்லை. முடிந்ததும் அங்கே மீன் செதில் அடுக்கிய மாதிரி வரிவரியாக ஒரு வெள்ளித் தழும்பு. மணி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"இன்னாம்மா இது, மிஷின்ல வெச்ச மாதிரி கீது? நான் கூட இத்த மாதிரி... செரி வுடு, நம்ம மிஷினு அப்டி. நல்ல மிஷினு."

ஃபிரேம் கோணவில்லையே என்று பார்க்கும் பொறுப்பை சாமுவேல் ஏற்றுக்கொண்டார். பின்பக்கத்திலிருந்து கழுத்தைச் சுற்றி நூல் கட்டி, இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு அவர் முகத்தில் அப்படியொரு களை நான் பார்க்கவில்லை. "ரெண்டு பக்கமும் சமம்" என்று அறிவித்தார், கணக்குக்கு விடை வந்த குரலில்.

உடனே ஓட்டலாமா? முடியாது. அந்த ரக அலுமினியம் வெல்டிங் சூட்டில் இளகிப்போயிருக்குமாம். சும்மா தொங்கவிட்டால் போதும், ஒரு மாதத்தில் தானாகவே இறுகிவிடும் என்றாள். ஆவக்காய் ஊறுகிற மாதிரி என் ஃபிரேம் பால்கனியில் தொங்கியது. நான் தினமும் போய்ப் பார்ப்பேன். பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார் சாமுவேல். மூச்... தொடக்கூடாது என்றேன். தெரியட்டும். நாலு பேர் கேட்கட்டும்.

அப்படித்தான் போன சனிக்கிழமை வந்தது.

உஷாவின் இன்ஷூரன்ஸ் ஜோக்கைக் கேட்டுவிட்டுக் கிளம்பினேன். நாடகங்களில் பார்க்கிறோமே, மாமியாரைத் தீர்த்துக்கட்ட மருமகள்கள் எத்தனை கஷ்டப்படுகிறார்கள்! பாலில் எதையோ கலக்கிறார்கள், மாடிப்படியில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். என் மருமகளுக்கு வாய்ப்பு தானாக மடியில் வந்து விழுந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? நான் போன வேகத்துக்கே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு, கோவளம்வரை என் பின்னாலேயே வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் "மெதுவா அத்தை!" என்று ஒரு கத்தல். பொன்மார் தாண்டி ஒரு பள்ளம். நான் பார்க்கவில்லை. தடால் என்று இறங்கி ஏறினேன். பின்னால் ஸ்கூட்டர் பிரேக் அடித்த சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

சைக்கிள் முனகவில்லை. ஒரு 'க்ரிச்' கூட இல்லை. நான் பெல்லை அடித்தேன். இரண்டு முறை. வேறு எப்படிச் சொல்வது?

கோவளத்தில் ஒரு இளைஞர், காரை விட அதிக கவனத்தோடு பராமரிக்கிற மாதிரி ஒரு சைக்கிள் வைத்திருந்தார். என் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது ரொம்ப டேஞ்சரான இடம். யார் வெல்ட் பண்ணாங்க?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"அதோ, அங்க இட்லி சாப்பிடறாளே... என் மருமகள்."

அவர் ஒரு கணம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு குனிந்து வெல்டிங்கைப் பார்த்தார். அப்புறம் நேராக சரண்யாவிடம் போய், தனக்குத் தெரிந்த ஒருவரின் ஃபிரேமிலும் விரிசல் இருப்பதாகச் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பெருமையில் வஞ்சிரத்தைப் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். மீன் பை இந்த முறை ஸ்கூட்டரில் வந்தது.

வீடு திரும்பியதும் அவள் காப்பிகூடக் குடிக்கவில்லை. மூன்று டப்பாக்களையும் எடுத்து வந்தாள். துடைத்தாள், சிவப்பு அடித்தாள், துடைத்தாள், வெள்ளை அடித்தாள். சாமுவேல், நான், ஆல்பர்ட் எல்லோரும் சுற்றி நின்றோம். யாரும் பேசவில்லை. மேலே விமானம்கூட இல்லை.

வெள்ளை அப்படியே வெள்ளையாக இருந்தது.

அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குந்தியிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? சாமுவேல் உள்ளே போனார், டவல் எடுத்து வருவார் என்று நினைத்தேன். ஒரு புது பாலிதீன் ஷீட்டோடு வந்தார். "வெல்டிங் மேல மட்டும் லேசா ஒரு சுத்து..."

"மாமா!" அழுகையோடு அழுகையாக அவள் போட்ட கத்தலில் ஷீட் கீழே விழுந்தது.

டெஸ்ட்டுக்குப் பெயர் கொடுக்க திங்கட்கிழமைதான் கடைசி. கொடுத்தாள். அரைக்கைச் சட்டையில் போய்த்தான் கொடுத்தாள். நேற்று முன்தினம் டெஸ்ட். பாஸ். அடுத்த மாதத்திலிருந்து லைன். இதை இன்னும் நீட்டி முழக்கி எழுதலாம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த ரிசல்ட் இல்லை.

டெஸ்ட் எடுத்த சூப்பர்வைசர் அவள் கைத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "வெல்டிங் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இந்தக் கைய நம்பலாமா? தினமும் லைன்ல நிக்கணுமே?"

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"எங்க மாமியார் நம்பறாங்க சார்னு சொன்னேன். நான் வெச்ச வெல்டிங் மேல உட்கார்ந்துதான் வாராவாரம் கோவளம் போய் மீன் வாங்கிட்டு வர்றாங்கன்னு சொன்னேன்."

ஒரே ஒரு வாரம்தான் போயிருக்கிறேன். இருந்தாலும் திருத்தவில்லை. தன் கைக்குச் சாட்சியாக மாமியாரையே கூப்பிட்ட மருமகள் இவளாகத்தான் இருப்பாள். கூப்பிடட்டும்... சாட்சிக்கு இன்னும் முன்பற்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன.